ஏழை விதவையின் இரண்டு காசு: மாற்கு சொல்லும் வரிசையில் ஒரு வாசிப்பு

தமிழ்ச் சபைகளில் ஏழை விதவையின் காணிக்கையைப் பற்றிய பிரசங்கத்தைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் அரிது. ஞாயிறு பள்ளியில் படம் காட்டிச் சொல்லும் கதை அது. அறுப்பின் பண்டிகை நெருங்கும்போதும், ஆலயக் கட்டட நிதி பாதியில் நிற்கும்போதும், சங்கக் காணிக்கை குறையும்போதும் போதகர்கள் தேடிப்போகும் வேதபகுதி அதுதான். அவள் தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்தாள், நீங்கள் எவ்வளவு கொடுக்கப் போகிறீர்கள் என்ற கேள்வியோடு பிரசங்கம் முடியும். கேட்பவர்களில் கைம்பெண்களும் இருப்பார்கள். முதியோர் உதவித்தொகையை நம்பி மாதத்தை ஓட்டுகிறவர்களும் இருப்பார்கள்.

மாற்கு எழுதிவைத்த வரிசையிலேயே இப்பகுதியை வாசித்தால் அந்தக் கேள்விக்கு அங்கே இடமில்லை என்பது என் துணிபு. விதவையின் பக்தி உண்மையானது. இயேசு அதைக் கண்டார், தம் சீஷர்களுக்கும் காட்டினார். ஆனால் அவர் அவளைச் சுட்டிக்காட்டியது இன்னொரு ஏழையிடம் காணிக்கை கேட்பதற்காக அல்ல. அவளுடைய கடைசிக் காசையும் வாங்கிக்கொண்ட அமைப்பின்மீது அவர் நடத்திக்கொண்டிருந்த வழக்கில் அவள் முக்கியமான சாட்சி.

முதலில் வசனங்களைப் பார்ப்போம். மாற்கு 12:41 முதல் 44 வரை நான்கே வசனங்கள். எருசலேம் ஆலயத்தில் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே இயேசு உட்கார்ந்திருக்கிறார். மக்கள் பணம் போடுவதைக் கவனிக்கிறார். ஐசுவரியவான்கள் பலர் அதிகம் போடுகிறார்கள். ஏழை விதவை ஒருத்தி வந்து இரண்டு சிறு செப்புக்காசுகளைப் போடுகிறாள். அவர் சீஷர்களை அழைத்து, மற்ற எல்லாரையும்விட இவளே அதிகம் போட்டாள், அவர்கள் தங்கள் மிகுதியிலிருந்து போட்டார்கள், இவளோ தன் வறுமையிலிருந்து பிழைப்புக்கு வைத்திருந்த அனைத்தையும் போட்டுவிட்டாள் என்கிறார். கதை அவ்வளவுதான்.

அந்தக் காசுக்கு லெப்டா என்று பெயர். யூதேயாவில் புழங்கியவற்றுள் மிகச் சிறிய நாணயம். இரண்டு லெப்டா சேர்ந்தால் ரோமரின் ஒரு குவாட்ரன்ஸ் என்று மாற்கு தம் வாசகர்களுக்கு விளக்குகிறார். 64 குவாட்ரன்ஸ் ஒரு தெனாரியம். தெனாரியம் என்பது மத்தேயு 20-ஆம் அதிகாரத்துத் திராட்சத்தோட்ட உவமையில் வரும் ஒரு நாள் கூலி. இன்று ஒருவருடைய நாள் கூலி 640 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அவள் போட்டது 10 ரூபாய். ஒரு வேளை உணவுக்கும் போதாத தொகை. அவளிடம் இருந்ததே அவ்வளவுதான்.

இனி, அங்கே சொல்லப்படாதவற்றையும் கவனிக்க வேண்டும். இவள் பாக்கியவதி என்று இயேசு சொல்லவில்லை. நீங்களும் இப்படியே செய்யுங்கள் என்றும் சொல்லவில்லை. சொல்ல விரும்பிய இடங்களில் அவர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். லூக்கா 10-இல் நல்ல சமாரியனின் கதையை முடித்ததும், நியாயசாஸ்திரியிடம் நீயும் போய் அப்படியே செய் என்று கட்டளை பிறக்கிறது. இங்கே அப்படி எதுவும் இல்லை. விதவையிடம் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தன்னை ஒருவர் கவனித்தார் என்பதே அவளுக்குத் தெரியாது. அவளுக்குப் பலன் கிடைத்ததாகவும் குறிப்பில்லை. 1 இராஜாக்கள் 17-இல் சாறிபாத்து விதவை கடைசி மாவை எலியாவுக்கு அடையாகச் சுட்டுக் கொடுத்தாள்; அதன்பின் அவள் பானையில் மாவு குறையவில்லை, கலசத்தில் எண்ணெயும் குறையவில்லை. எருசலேம் விதவையின் வீட்டில் அன்று இரவு என்ன நடந்தது என்று மாற்கு எழுதவில்லை. கொடுத்தால் பெருகும் என்ற போதனைக்கு இந்தப் பகுதியில் ஒரு சொல்கூட ஆதாரம் கிடையாது.

நான்கு வசனங்களுக்குள்ளேயே நின்றால் இதற்கு மேல் போக முடியாது. அந்த நான்கு வசனங்களை அக்கம்பக்கத்திலிருந்து பிரித்து வைத்தது மாற்கு அல்ல. வேதாகமத்தின் இன்றைய அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் வகுத்தவை என்பது பொதுவான கருத்து. புதிய ஏற்பாட்டுக்கு இன்றுள்ள வசன எண்கள் ராபர்ட் எஸ்தியேன் 1551-இல் அச்சிட்ட பதிப்போடு வந்தவை. பகுதிகளுக்கு மேலே தடித்த எழுத்தில் இருக்கும் தலைப்புகள் பதிப்பாளர்கள் சேர்த்தவை. இவை வாசிப்புக்கு உதவுகின்றன. ஆனால் வெட்டக் கூடாத இடத்தில் வெட்டியும் இருக்கின்றன.

மாற்குவில் விதவையின் கதைக்கு முன்னால் இருப்பது வேதபாரகரைப் பற்றிய எச்சரிப்பு (12:38-40). நீண்ட அங்கி அணிந்து நடப்பார்கள், சந்தைவெளிகளில் வணக்கம் எதிர்பார்ப்பார்கள், முதன்மையான ஆசனங்களை நாடுவார்கள், விதவைகளின் வீடுகளை விழுங்குவார்கள், பார்வைக்கு நீண்ட ஜெபம் செய்வார்கள், அதிக ஆக்கினை அடைவார்கள். இரண்டு வசனங்களுக்குள் ஒரு விதவை வருகிறாள். அவள் பெட்டியில் போட்டுவிட்டுப் போனபின், சீஷரில் ஒருவன் ஆலயத்தின் கற்களையும் கட்டடங்களையும் பார்த்து வியக்கிறான். இவற்றில் கல்லின்மேல் கல் நிற்காமல் எல்லாம் இடிக்கப்படும் என்கிறார் இயேசு (13:1-2). விதவைகளை விழுங்குகிறவர்கள், கடைசிக் காசையும் போட்டுவிட்ட விதவை, இடிந்துபோகப் போகும் ஆலயம் என்று மூன்றும் மூச்சுவிடாமல் தொடர்ந்து வருகின்றன.

இந்தத் தொடர்ச்சியின் நடுவே 13-ஆம் அதிகாரம் என்ற வேலி விழுந்தது. லூக்காவில் வேலி வேறிடத்தில் விழுந்திருக்கிறது. வேதபாரகர் விதவைகளை விழுங்குவது 20-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம். விதவையின் காணிக்கை 21-ஆம் அதிகாரத்தின் தொடக்கம். ஆனால் லூக்காவில் விதவையையும் ஆலய அழிவையும் பிரிக்கும் அதிகார எல்லை இல்லை. சிறந்த கற்களாலும் காணிக்கைப் பொருள்களாலும் ஆலயம் அலங்கரிக்கப்பட்டிருந்ததைச் சிலர் வியந்து பேசினார்கள் என்று லூக்கா 21:5 கூறுகிறது. அலங்காரத்துக்குக் காணிக்கைகள் பயன்பட்டதை லூக்கா மட்டும் குறிக்கிறார், அதுவும் விதவை பணம் போட்ட மறுகணமே. இரண்டு சுவிசேஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்றில் வெட்டுப்பட்டது மற்றதில் ஒட்டியிருப்பதைக் காணலாம். மத்தேயு விதவையின் கதையையே சொல்லவில்லை. அங்கே 23-ஆம் அதிகாரத்துக் கண்டனங்கள் நேரே 24-ஆம் அதிகாரத்து ஆலய அழிவுக்குப் போய்ச் சேர்கின்றன. அவளை எடுத்துவிட்டாலும் கோடு அறுபடவில்லை என்றால், மாற்குவில் அவள் அந்தக் கோட்டின்மேல்தான் நிற்கிறாள்.

வழிபாட்டு வாசகப் பட்டியலும் இந்த வெட்டுக்குத் துணைபோகிறது. கத்தோலிக்கத் திருச்சபையில் இரண்டாம் ஆண்டின், அதாவது மாற்கு ஆண்டின், பொதுக்காலம் 32-ஆம் ஞாயிறுக்கு மாற்கு 12:38-44 வாசகம். நேரம் குறைவாயிருந்தால் 41-44 மட்டும் வாசிக்கலாம் என்ற அனுமதியும் உண்டு. அந்தக் குறுகிய வடிவத்தில் வேதபாரகர் இல்லை. விதவை தனியே நிற்கிறாள். முதல் வாசகமாக வருவது சாறிபாத்து விதவையின் கதை. அடுத்த ஞாயிறு வாசகம் மாற்கு 13:24-இல் தொடங்குவதால் ஆலயக் கற்களைப் பற்றிய உரையாடல் விடுபட்டுப்போகிறது. ஒழுங்காக ஆலயத்துக்குப் போகும் ஒரு விசுவாசி வாழ்நாள் முழுதும் இக்கதையைக் கேட்டும், இது எதற்கும் எதற்கும் நடுவே நடந்தது என்று அறியாமலே போகலாம்.

இந்தச் சூழலை முன்வைத்து மரபான விளக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கியவர்களுள் முக்கியமானவர் அடிசன் ரைட் என்ற கத்தோலிக்க அறிஞர். 1982-இல் அமெரிக்கக் கத்தோலிக்க வேதாகம ஆய்விதழில் வந்த அவருடைய கட்டுரை, இயேசுவின் வார்த்தை பாராட்டா புலம்பலா என்று கேட்டது. புலம்பல்தான் என்றார் அவர். விதவைகளை விழுங்குகிறவர்களைக் கண்டித்த அதே வாய் அடுத்த கணமே ஒரு விதவை தன் பிழைப்பை இழப்பதைக் கண்டு மகிழ்ந்திருக்குமா என்பது அவர் வாதத்தின் உயிர். மாற்கு 7:9-13-ஐயும் அவர் துணைக்கு அழைத்தார். தாய் தகப்பனுக்கு உதவ வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்கென்று படைத்த காணிக்கை, என்று சொல்லிவிட்டால் பெற்றோருக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை என்ற வழக்கத்தை இயேசு அங்கே கடுமையாகக் கண்டிக்கிறார். மனிதரின் பசிக்கு மேலாகக் காணிக்கையை வைக்கும் பக்தியை மறுத்தவர், இங்கே மட்டும் அதைப் போற்றினார் என்று எப்படிக் கொள்வது?

வேதபாரகர் விதவைகளின் வீடுகளை எப்படி விழுங்கினார்கள் என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. சொத்துக்குக் காப்பாளராக இருந்து அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று டெரட் என்ற அறிஞர் 1972-இல் எழுதினார். வழக்குக் கட்டணம், ஈடாக வாங்கிய வீடு, ஜெபத்துக்கு வாங்கிய பணம், விருந்தோம்பலைச் சுரண்டியது என்று வேறு யூகங்களும் உள்ளன. எது சரியானாலும், மதம் தந்த மதிப்பே கொள்ளைக்குக் கருவியாயிற்று என்பதுதான் மாற்குவின் குற்றச்சாட்டு.

ரைட் போதிய அழுத்தம் தராத ஓர் ஆதாரம் எனக்கு எல்லாவற்றிலும் வலிமையானதாகத் தோன்றுகிறது. அது எரேமியா 7-ஆம் அதிகாரம். மாற்கு 11-இல் இயேசு காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்தபோது ஆலயத்தைக் கள்ளர் குகை என்று அழைத்தார். அந்தச் சொல் எரேமியா 7:11-இலிருந்து வருகிறது. ஆலய வாசலில் நின்று எரேமியா செய்த பிரசங்கம் அது. ஆலயம் இருக்கிறது, ஆகவே நமக்கு ஆபத்தில்லை என்று நம்பியிருந்தவர்களிடம், பரதேசியையும் திக்கற்றவனையும் விதவையையும் ஒடுக்காதிருந்தால்தான் இவ்விடத்தில் குடியிருப்பீர்கள் என்கிறார் (7:6). பிறகு கள்ளர் குகை என்ற குற்றச்சாட்டு. பிறகு, முன்பு ஆண்டவரின் நாமம் விளங்கிய சீலோவுக்குப் போய், அது என்ன கதியாயிற்று என்று பாருங்கள், இந்த ஆலயத்துக்கும் அப்படியே நேரிடும் என்ற தீர்ப்பு (7:12-14). கள்ளர்கள் குகையில் கொள்ளையடிப்பதில்லை, வெளியே கொள்ளையடித்துவிட்டுக் குகைக்குள் பத்திரமாக ஒதுங்குகிறார்கள். அநீதி செய்தவர்கள் ஆலயத்துக்குள் பாதுகாப்புத் தேடுகிறார்கள் என்பதே எரேமியாவின் வாதம்.

எரேமியா சொன்ன மூன்றும் மாற்குவில் ஏறக்குறைய இரண்டு அதிகாரங்களில் நடந்தேறுகின்றன. மாற்கு 11:17-இல் கள்ளர் குகை என்ற சொல் ஒலிக்கிறது. 12:40-இல் விதவைகள் ஒடுக்கப்படுவது குற்றமாகச் சொல்லப்படுகிறது. 12:42-இல் அந்த விதவைகளில் ஒருத்தி நேரில் வருகிறாள். 13:2-இல் சீலோவின் கதி எருசலேமுக்கு அறிவிக்கப்படுகிறது. இது தற்செயலாக அமைந்திருக்க முடியாது. கனியில்லாத அத்திமரம் பட்டுப்போன நிகழ்வை ஆலயச் சம்பவத்துக்கு இருபுறமும் வைத்து, ஒன்றால் மற்றதை விளக்கிய எழுத்தாளர் மாற்கு (11:12-21). வரிசையால் பேசுவது அவருடைய பாணி. இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தார் என்று 12:41-இல் எழுதியவர், அவர் ஒலிவமலையில் ஆலயத்துக்கு எதிரே உட்கார்ந்தார் என்று 13:3-இல் எழுதுகிறார். இரண்டு முறையும் அவர் ஆலயத்தை எதிர்கொண்டு அமர்கிறார்.

காணிக்கைப் பெட்டியைப் பற்றி யூத மரபு தரும் தகவலும் கவனத்துக்குரியது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் ஷெக்காலிம் என்ற பகுதி, ஆலயத்தில் எக்காளம் போன்ற வடிவில் 13 பெட்டிகள் இருந்தன என்கிறது. அவற்றுள் ஆறு மனமுவந்து கொடுக்கும் காணிக்கைக்கானவை. அதில் சேர்ந்த பணத்தில் சர்வாங்க தகனபலி வாங்கப்பட்டது, பலியின் தோல் ஆசாரியருக்குப் போனது. விதவை தன் காசை அந்த ஆறில் ஒன்றில் போட்டிருந்தால், அவளுடைய உணவு பலிபீடத்தில் எரிந்தது. அதற்குச் சற்று முன்தான், தேவனிடமும் பிறனிடமும் அன்புகூருவது சர்வாங்க தகனபலிகள் எல்லாவற்றையும்விட மேலானது என்று ஒரு வேதபாரகன் சொன்னான். நீ தேவனுடைய ராஜ்யத்துக்குத் தூரமானவன் அல்ல என்று இயேசு அவனைப் பாராட்டினார் (12:33-34). பாராட்ட வேண்டிய இடத்தில் வேதபாரகனையும் பாராட்டுகிறவர் அவர். அந்த மனிதனின் வார்த்தை காதில் இருக்கும்போதே நாம் காணிக்கைப் பெட்டியின் முன்னால் வந்து நிற்கிறோம்.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். இப்படி வாசிப்பது யூத மதத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாகிவிடக் கூடாது. கிறிஸ்தவ வரலாற்றில் அந்தத் தவறு கொடிய விளைவுகளைத் தந்திருக்கிறது. விதவையைக் காக்கும் சட்டமே மோசேயின் சட்டம்தான் (யாத்திராகமம் 22:22-24). மூன்றாம் வருடத் தசமபாகம் லேவியனோடும் பரதேசியோடும் திக்கற்றவனோடும் விதவைக்கும் உரியது (உபாகமம் 14:28-29). எருசலேம் ஆலயத்தின் கருவூலத்தில் விதவைகளும் அநாதைகளும் பாதுகாப்புக்காகப் பணம் வைத்திருந்தார்கள் என்று மக்கபேயர் இரண்டாம் நூல் கூறுகிறது. கொடுப்பவர் இரகசியமாக வைத்துவிட்டுப் போகவும், தேவையுள்ளவர்கள் இரகசியமாகப் பெற்றுக்கொள்ளவும் ஆலயத்தில் ஓர் அறை இருந்ததாக அதே மிஷ்னாப் பகுதி நினைவுகூர்கிறது. ஆலயத்தின் சீர்கேட்டைக் கண்டித்தவர்களும் யூதர்களே. கி.பி. 60-களை ஒட்டிய ஆண்டுகளில் பிரதான ஆசாரியரின் ஆட்கள் களங்களுக்கே போய்த் தசமபாகத்தைப் பலவந்தமாக எடுத்துச் சென்றார்கள், எளிய ஆசாரியர்கள் பட்டினியில் மடிந்தார்கள் என்று எழுதியவர் யூத வரலாற்றாசிரியரும் ஆசாரியக் குடும்பத்தவருமான ஜொசீபஸ். இயேசு எரேமியாவின் வரிசையில் வருகிறவர். அவர் வெளியிலிருந்து கல்லெறியவில்லை.

ஏழையின் காணிக்கையை யூத மரபு எவ்வளவு உயர்வாக மதித்தது என்பதற்கு லேவியராகம ரப்பா என்ற விளக்க நூலில் ஒரு கதை இருக்கிறது. ஒரு பெண் ஒரு பிடி மாவைக் காணிக்கையாகக் கொண்டுவந்தாள். இதில் தின்ன என்ன இருக்கிறது, படைக்க என்ன இருக்கிறது என்று ஆசாரியன் இகழ்ந்தான். அவளை இகழாதே, அவள் தன் உயிரையே படைத்தவள் போன்றவள் என்று அவனுக்குக் கனவில் உணர்த்தப்பட்டது. கதை திருத்துவது ஆசாரியனை. இன்னும் கொண்டுவா என்று அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை.

அப்படியானால் ரைட் சொன்னதை முழுதாக ஏற்கலாமா? என்னால் முடியவில்லை. இயேசு சீஷர்களை அருகே அழைத்து, மெய்யாகவே உங்களுக்குச் சொல்லுகிறேன் என்ற முத்திரையோடு பேசுகிறார். மாற்குவில் இப்படி அழைத்துச் சொல்வது கனமான போதனைக்கே உரியது. தலைமை என்பது ஊழியம் என்ற போதனையும் இப்படித்தான் தொடங்குகிறது (10:42). எல்லாரையும்விட அதிகம் போட்டாள் என்பது வெறும் புலம்பலாக ஒலிக்கவில்லை. அது தேவனுடைய அளவுகோலை அறிவிக்கும் வாக்கு. 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய விளக்கவுரையாளர் பெங்கல் ஒரு நுணுக்கத்தைக் குறித்தார்: காசு இரண்டு இருந்தன, ஒன்றை அவள் வைத்துக்கொண்டிருக்கலாம். வைத்துக்கொள்ளவில்லை. யாரும் அவளை வற்புறுத்தியதாகவும் எழுதப்படவில்லை. அவளை ஏமாந்தவளாக மட்டும் பார்த்தால், அவளிடம் எஞ்சியிருந்த ஒன்றை, தன் தேவனுக்குத் தானே தீர்மானித்துக் கொடுத்த அந்தச் செயலை, நாமும் பறித்துக்கொள்கிறோம்.

மாற்குவின் அமைப்பும் அவளுக்கு உயர்ந்த இடம் தருகிறது. 13-ஆம் அதிகாரத்து நீண்ட உரைக்கு ஒருபுறம் இந்த விதவை. மறுபுறம் பெத்தானியாவில் இயேசுவின் தலைமேல் தைலம் ஊற்றிய பெண் (14:3-9). இருவருக்கும் பெயரில்லை. ஒருத்தியின் காணிக்கை ஒரு தெனாரியத்தில் 64-இல் ஒரு பங்கு. மற்றவளுடையது 300 தெனாரியத்துக்கு மேல் மதிப்புள்ளது. ஏறத்தாழ 19,200 மடங்கு வித்தியாசம். ஆனாலும் இருவரையும் ஒரே சட்டகத்துக்குள் வைக்கிறார் மாற்கு. அடுத்து வருவது தம்மையே முழுதாகக் கொடுக்கப் போகும் ஒருவரின் பாடுகள். எலிசபெத் ஸ்டிரதர்ஸ் மால்பன் 1991-இல் எழுதிய கட்டுரையில், வேதபாரகர் என்ற ஒரே சூழலில் அவளை அடைத்துவிடக் கூடாது, சுவிசேஷத்தில் அவளுக்குப் பல சூழல்கள் உண்டு என்று வாதிட்டார். அதுவே நேர்மையான வாசிப்பு. பெண்ணுக்குப் பாராட்டு, பெட்டிக்குக் கண்டனம். இரண்டும் ஒரே வாக்கில் அடங்கியிருக்கின்றன; ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டுவிடும் உரிமை விளக்குபவருக்கு இல்லை.

சபைப் பிதாக்களில் கார்த்தேஜ் பேராயர் சிப்பிரியான் இதை உணர்ந்திருந்தார் என்று நினைக்கிறேன். 258-இல் இரத்தசாட்சியாக மரித்தவர் அவர். தர்மம் செய்வதைப் பற்றிய தம் நூலில் இந்த விதவையை அவர் முன்னிறுத்துவது ஏழைகளிடம் அல்ல. கையை வீசிக்கொண்டு ஆராதனைக்கு வரும் பணக்காரப் பெண்மணியைப் பார்த்துப் பேசும்போதுதான் அவளைக் காட்டுகிறார். கூடவே ஒரு முரணையும் எடுத்துச் சொல்கிறார்: காணிக்கையெல்லாம் விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் போய்ச் சேர வேண்டியது, இங்கோ பெற வேண்டியவளே கொடுக்கிறாள். இதைக் கொண்டு சிப்பிரியான் செல்வரை வெட்கப்படுத்தினார். அந்த முரணை மறந்துவிட்டு ஏழையைக் குற்றவுணர்வுக்கு ஆளாக்கும் பிரசங்கம் பின்னால் வந்த சரிவு.

தமிழ்நாட்டுச் சபை வரலாற்றில் இந்த விதவையின் மகள்கள் ஏராளம். உலையில் அரிசி இடும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைத்து, ஞாயிறன்று ஆலயத்துக்குக் கொண்டுவரும் பிடி அரிசிக் காணிக்கை திருநெல்வேலிச் சபைகளின் பழக்கம். கையில் காசு புழங்காத பெண்கள் கொடுக்கக் கண்ட வழி அது. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் 1903-இல் இந்திய மிஷனரி சங்கத்தை இந்தியப் பணத்திலேயே நடத்துவது என்று தொடங்கி, தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அதன் முதல் செயலராயிருந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1912-இல் முதல் இந்திய ஆங்கிலிக்கப் பேராயரானார். கிறிஸ்தவர்கள் கொடுப்பதைப் பற்றித் தனியே ஒரு நூலும் எழுதினார். கொடுப்பது தன்மானத்தின் அடையாளம், எங்களையும் கொடுக்கிறவர்களாக எண்ணுங்கள் என்று எளிய சபைகள் நிமிர்ந்து நின்ற காலம் அது. அந்த வரலாற்றைச் சுரண்டல் என்று ஒரே சொல்லில் எழுதித் தள்ளுவது அநியாயம். பவுலும் மக்கெதோனியச் சபைகள் கொடிய தரித்திரத்திலும் தங்கள் சக்திக்கு மீறிக் கொடுத்ததைப் போற்றியிருக்கிறார் (2 கொரிந்தியர் 8:1-5).

ஆனால் அதே அதிகாரத்தில் பவுல் இன்னும் சொல்கிறார். ஒருவனிடம் இருப்பதற்குத் தக்கபடியே காணிக்கை ஏற்றுக்கொள்ளப்படும், இல்லாததற்குத் தக்கபடி அல்ல. மற்றவர்கள் இளைப்பாற நீங்கள் வருந்த வேண்டுமென்பதல்ல, சமநிலை வர வேண்டும் (8:12-14). அந்தப் பணம் எங்கே போனது என்பதும் முக்கியம். எருசலேமில் வறுமையில் இருந்த விசுவாசிகளுக்காகத் திரட்டப்பட்ட நிதி அது. மாற்கு 10:21-இல் இயேசு ஒருவனிடம் உள்ளதையெல்லாம் கொடுக்கச் சொன்னபோதும் அவன் செல்வன், பெற வேண்டியவர்கள் தரித்திரர். எல்லாவற்றையும் கொடு என்ற கட்டளை புதிய ஏற்பாட்டில் ஏழையை நோக்கி வரவேயில்லை.

ஆதிச் சபை இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டது. அப்போஸ்தலர் 6-இல் சபைக்குள் எழுந்த முதல் உட்பூசல், கிரேக்கு பேசிய யூதர்களின் விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்பதே. அதைத் தீர்க்க ஏழு பேரை நியமித்தார்கள். 1 தீமோத்தேயு 5-இல் ஆதரவற்ற விதவைகளைப் பதிவு செய்து பராமரிக்கும் விதிமுறைகளே இருக்கின்றன. மாசற்ற பக்தி எதுவென்று சொல்லவந்த யாக்கோபு, திக்கற்றவர்களையும் விதவைகளையும் அவர்கள் உபத்திரவத்தில் விசாரிப்பதை முதலில் வைக்கிறார் (1:27). தசமபாகப் பிரசங்கங்களுக்கு எடுக்கப்படும் மல்கியா 3-ஆம் அதிகாரத்தில், தசமபாகத்தைப் பற்றிய 10-ஆம் வசனத்துக்கு முன்னால் 5-ஆம் வசனம் உண்டு. கூலிக்காரனின் கூலியைப் பிடித்துக்கொள்கிறவர்களுக்கும் விதவையை ஒடுக்குகிறவர்களுக்கும் எதிராக ஆண்டவரே சாட்சியாக வருவதாக அது கூறுகிறது. 10-ஐ மட்டும் வாசித்து 5-ஐ விடுவதும், மாற்கு 12:41-இல் தொடங்கி 40-ஐ விடுவதும் ஒரே பழக்கம்.

இறுதியாக ஒரு வரலாற்றுச் செய்தி. ஏரோது கி.மு. 20-ஐ ஒட்டித் தொடங்கிய ஆலயத் திருப்பணி, ஜொசீபஸ் கூற்றுப்படி கி.பி. 60-களில்தான் முற்றுப்பெற்றது, வேலை முடிந்ததும் 18,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையின்றி நின்றார்கள். கி.பி. 70-இல் ரோமத் தளபதி தீத்துவின் படைகள் அந்த ஆலயத்தை எரித்தன. விதவை தன் கடைசி இரண்டு காசுகளைப் போட்ட ஆலயம் அவள் போட்ட பிறகு ஏறத்தாழ 40 ஆண்டுகளே நின்றது. மாற்குவின் முதல் வாசகர்கள் அந்த அழிவின் சமயத்திலோ அதை ஒட்டியோ இதை வாசித்தவர்கள். ஆகவே கட்டட நிதிக்கு இந்த வேதபகுதியைப் பயன்படுத்துவது, மாற்கு சொன்னதற்கு நேர் எதிரானது.

போதகர்களிடமும் உபதேசியார்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்பகுதியை எடுக்கும்போது 12:38-இல் வாசிக்கத் தொடங்குங்கள், 13:2 வரை நிறுத்தாதீர்கள். அன்று காணிக்கை கேட்க வேண்டாம். சபையின் ஆண்டு வரவு செலவுக் கணக்கை எடுத்து, வந்த பணத்தில் எவ்வளவு உங்கள் சபையின் விதவைகளுக்குப் போயிருக்கிறது என்று பார்த்து, அந்தத் தொகையை ஆராதனையில் வாசியுங்கள்.